ஒரு தடவ கண்ணால பாருங்க

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸிடம் சிபாரிசு கேட்டுப் போன யாரும் இரண்டாம் முறை போனதாகக் கேள்விப்படவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது பல்லை இளித்துக்கொண்டு, "மிஸ், எங்கட மருமகன்ட வழக்கு விசயம் ஒண்டு..." என்று வாயெடுத்தால் போதும், குடையை விரித்து நடையைக் கட்டிவிடுவார். மழையும் இராது, வெயிலும் இராது; குடை மட்டும் விரியும். தலைக்கனம் பிடித்த மனுசி என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிற ஆள் அவர் இல்லை.

அவர் முன்பு துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் நட்டஈட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். சரக்கு காணாமல் போனால், உடைந்தால், நனைந்தால் வியாபாரிகள் எழுதுவார்கள். பெட்டி வந்துவிட்டது என்று கப்பல்காரன் சாதிப்பான். என் கைக்கு வரவில்லை என்று கடைக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிப்பது மிஸ்ஸின் வேலை. கப்பல் துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் பெட்டி கரையிறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதற்காகக் கப்டன்மாரோடேயே மல்லுக்கு நின்றவர். ஒருவனுடைய முறைப்பாட்டைத் தள்ளுவதற்கு முன்னால் கிடங்குக்குப் போய்ப் பெட்டியைத் தன் கண்ணால் பார்ப்பார். சேலைக் கரையில் தார் ஒட்டும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவரைத்தான் இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் வடக்கில் நடந்தது என்று பெயர். கொழும்பில் தமிழன் ஒருவன் பாண் வாங்கக் கடைக்குப் போனாலும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவான். வெள்ளவத்தை லொட்ஜுகளில் விடியற்காலையில் கதவு தட்டப்படும். மறியற்சாலைகள் நிரம்பி வழிந்தன. பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார் நீதிமன்ற வளவுகளில் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் எழுதக்கூடியவர்கள் எழுதினார்கள், முடியாதவர்கள் எழுதுவித்தார்கள். நீதிமன்ற அலுவலகம் சரியாக வேலை செய்யவில்லை என்று வருகிற முறைப்பாட்டுக்கு முதலில் அந்த அலுவலகமே பதில் சொல்லும். அதில் திருப்தி இல்லாதவர் மேலே எழுதினால், வெளியாள் ஒருவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று ஒரு ஏற்பாட்டைப் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்தார்கள். அந்த ஆள் சட்டத்தரணியாக இருக்கக்கூடாது, நீதிமன்றத்தில் சம்பளம் வாங்கியவராகவும் இருக்கக்கூடாது, மூன்று பாஷையும் வாசிக்கவேண்டும். நீதவானின் முடிவில் கை வைக்க அவருக்கு உரிமையில்லை. அலுவலகத்தின் வேலையை மட்டும் கேள்வி கேட்கலாம்.

நகரத்துக்குள் ஒரு நீதிமன்றம். எது என்று கேட்காதீர்கள். வழக்கு நடப்பது மேல்மாடியில். கீழே வளவின் ஒரு மூலையில் மிஸ்ஸுக்கு ஒரு அறை, ஒரு காற்றாடி, ஒரு தட்டச்சு இயந்திரம். எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று அவர் எடுத்த எடுப்பிலேயே தனக்குச் சில சட்டங்களைப் போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் கொடுக்கிற தேத்தண்ணீரைத் தொடமாட்டார். முறைப்பாட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். வழக்கு நாட்களில் கம்பிவலை அடித்த மறியற்சாலை பஸ் வளவுக்குள் வந்து நிற்கும்போது அந்தப் பக்கம் தலையையே திருப்பமாட்டார். அழுகையைப் பார்த்தால் மனம் சாயும், மனம் சாய்ந்தால் நியாயமும் சாயும் என்பது அவருடைய எண்ணம். கிடங்குக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்த பழக்கத்தை அவர் கம்பனியோடேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். இங்கே பார்ப்பதற்குப் பெட்டியா இருக்கிறது, எல்லாம் மனிதர்கள் தானே என்று நினைத்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பேச்சியம்மாவின் முறைப்பாடு வந்தது.

பேச்சியம்மா ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். மகன் சின்னராசா வெள்ளவத்தையில் ஒரு கடையில் ரேடியோ திருத்திக்கொண்டு லொட்ஜில் தங்கியிருந்தவன். ஒருநாள் சோதனைச் சாவடியில் பொலிஸைக் கண்ட ஒருவன் கையிலிருந்த பையை எறிந்துவிட்டு, மதிலால் பாய்ந்து, ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஓடித் தப்பிவிட்டான். பைக்குள் இருந்தது நல்ல சாமான் இல்லை. அடுத்த விடியற்காலை லொட்ஜுகளைச் சுற்றி வளைத்ததில் அகப்பட்ட பையன்களில் சின்னராசாதான் அந்த ஓடியவன் என்று பொலிஸ் அறிக்கை சொன்னது. அன்றிலிருந்து மறியலில் இருக்கிறான். வழக்கு நாள் தள்ளித் தள்ளிப் போய்த் தவணைக்கு மேல் தவணை.

அவளுக்காக எழுதியவர் மாளிகாவத்தை தாஸிம். வளவுக்கு வெளியே வாகை மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவர். அழகான கையெழுத்து. முறைப்பாட்டின் சாரம் ஒன்றுதான்: 'எனது மகனை நீதவான் ஐயா அவர்கள் ஒரு தடவையேனும் தம் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும்.' வேறு நியாயம் இல்லை, ஆதாரம் இல்லை. பதிவாளர் அதற்கு எழுதிய பதில் நறுக்கென்று இருந்தது. சந்தேக நபர் எல்லாத் தவணைகளிலும் மன்றில் முன்னிலைப்படுத்தப்பட்டார். முறைப்பாடு உண்மைக்குப் புறம்பானது.

மிஸ் வழக்குப் பதிவைத் தருவித்துப் புரட்டினார். பதிவாளர் சொன்னது சரி. ஒவ்வொரு தவணைக்கும் நேரே 'முன்னிலைப்படுத்தப்பட்டார்' என்று இருந்தது. பெற்றவளுக்குப் பிள்ளையை எவ்வளவு பேர் பார்த்தாலும் போதாது என்று மிஸ் பெருமூச்சு விட்டார். முறைப்பாட்டில் அடிப்படை இல்லை என்று தட்டச்சுச் செய்து கையெழுத்தும் வைத்துவிட்டார். அந்தக் கடிதம் அவளுடைய கைக்குப் போனால் அத்தோடு கதை முடிந்தது. அதற்கு மேலே எழுத இடம் கிடையாது.

தற்செயலாக அன்றைக்குச் சின்னராசாவின் தவணை நாள். கடிதத்தை அனுப்பிவைக்கும்படி பதிவாளரிடம் கொடுக்க மிஸ் மேலே போனார். பதிவாளர் நீதவானின் ஆசனத்துக்குக் கீழே குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நீதிமன்றம் கலையட்டும் என்று மிஸ் கடைசி வாங்கில் குந்தினார். அதுவரை அவர் வழக்கு நடக்கிற மண்டபத்துக்குள் காலடி வைத்ததில்லை.

உள்ளே சந்தைக்கடை மாதிரி இரைச்சல். ஒரு வழக்குக்கு அரை நிமிடம் கூடப் போகவில்லை. வாசலில் நின்ற சேவகர் வராந்தாப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"சின்னராசா! சின்னராசா! சின்னராசா!"

கீழே வளவிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. மீன்காரன் கூவுகிறானாக்கும் என்று மிஸ் நினைத்தார். வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்ற மறியற்சாலைக் காவலாளி தலையை உள்ளே நீட்டி, "இன்னவா, சேர்" என்றான். இருக்கிறானாம். பொலிஸார் கால அவகாசம் கேட்டார்கள். யாரோ ஒரு சட்டத்தரணி பாதி எழுந்து பாதி இருந்தார். நீதவான் அடுத்த தவணையைச் சொன்னார். பதிவாளரின் பேனா ஓடியது. சேவகர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மிஸ் கூண்டைப் பார்த்தார். கூண்டு வெறுமையாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிச் சேலையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வெறுங் கூண்டுதான். இப்போதுதானே 'இருக்கிறான்' என்றான்? இருக்கிறவன் எங்கே? பக்கத்தில் இருந்த கிழவரிடம், "இப்ப கூப்பிட்ட பொடியன் எங்க நிண்டவன்?" என்று கேட்டார். கிழவர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த ஆள் வந்து கூண்டில் ஏறி, கைவிலங்கோடு கும்பிட்டான். அவனையல்லவா முன்னிலைப்படுத்தினது என்கிறது! அப்படியானால் முந்தினவன்?

மிஸ் கையில் இருந்த கடிதத்தோடு எழுந்து படியிறங்கினார். செங்குத்தான மரப்படி. முழங்கால் வாதத்தோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. அதன் பின்பக்கத்து யன்னலுக்குக் கீழே ஒரு ஒடிசலான மனுசி சோற்றுப் பார்சலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பிவலைக்கு உள்ளே ஒரு முகம் தெரிந்தது.

"நீங்கதானே பேச்சியம்மா?" மிஸ் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினார். "அது யார், உங்கட மகனோ?"

"ஆமாங்க, தொரைசாணி."

"இப்ப மேல அவர்ட பேரைக் கூப்பிட்டவங்கள். ஏன் அவர் இறங்கேல்ல?"

பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் படியில் இருந்த காவலாளி, "லங் வென்ன எப்பா, நோனா!" என்று அதட்டினான், கிட்ட வரவேண்டாமாம். மிஸ் சிங்களத்தில் தான் யார் என்று சொன்னார், ஏன் இவனை மேலே கொண்டுபோகவில்லை என்றும் கேட்டார். அவன் குரல் இறங்கிவிட்டது. நல்ல மனிதன்தான் போலிருக்கிறது, மழுப்பத் தெரியவில்லை.

"எயாட்ட படி நகின்ன பே, நோனா."

அவனுக்குப் படி ஏற முடியாதாம். இரண்டு பேர் தூக்கவேண்டுமாம், தூக்க ஆள் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்கிறான் பாருங்கள் என்று பின்னாளில் மிஸ் சொல்லுவார். பஸ் வளவுக்குள் வந்தால் ஆள் வந்த மாதிரித்தானே, எல்லா நாளும் அப்படித்தானே நடக்கிறது என்று அவன் சாதாரணமாகச் சொன்னான்.

மிஸ் அவனைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸின் படியில் ஏறினார். உள்ளே வியர்வையும் சிறுநீரும் கலந்த வெக்கை. கடைசி இருக்கையில் ஒரு பையன். சாரத்துக்குக் கீழே அவனுடைய கால்கள் இரண்டும் குழந்தையின் கால்கள் போலச் சூம்பித் தொங்கின. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதம். பொலிஸ் பிடித்த அன்றைக்கே ஊன்றுகோலை ஆயுதம் என்று பறித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து தரையில் கையை ஊன்றித்தான் நகருகிறான்.

மதிலால் பாய்ந்தவன். ரயில் பாதையைத் தாண்டி ஓடியவன்.

மிஸ் அப்படியே பஸ் படியில் இருந்துவிட்டார். வாயிலிருந்து "மாதாவே" என்ற ஒரு சொல்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம். யாரோடு கோபம் என்று தெரியாத கோபம். கையில் அகப்பட்டது பேச்சியம்மா.

"ஏனம்மா, உனக்கு மூளை கீளை இருக்கோ? இத ஏன் எழுதேல்ல? இந்த ஒரு விசயத்த எழுதியிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்குமே! தாஸிம்! இங்க வாரும்! என்ன மனு எழுதினனீர்?"

வாசலுக்கு வெளியே இருந்த தாஸிம் ஓடி வந்தார். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் விறைத்துப்போனார். "அல்லாவே! இவ செல்லினத்தத்தான் நான் எழுதின, மிஸ். காலப் பத்தி ஒரு வார்த்த செல்ல இல்ல. கண்ணால பாக்கச் செல்லுங்க, கண்ணால பாக்கச் செல்லுங்க எண்டுதான் திருப்பித் திருப்பிச் செல்லின."

பேச்சியம்மா பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எப்படிங்க சொல்றது? இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பேசி வச்சிருக்கு. அண்ணனுக்குக் கால் வெளங்காதுன்னு அவுங்களுக்குத் தெரியாது. கொழும்புல பெரிய வேலன்னு சொல்லி வச்சிருக்கோம். பேப்பர்ல எழுதுனா நாலு பேரு படிப்பாங்க. அதோட... பெத்தவ வாயால என் புள்ள நொண்டின்னு எப்படிங்க சொல்லுவேன்? இவன் பொறந்ததிலேருந்து அந்த வார்த்தைய நான் சொன்னதில்ல. தொரைமாருக்குக் கண்ணு இருக்கே, ஒரு தடவ பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சிரும்னுதான் பாக்கச் சொன்னேன்."

பார்த்தால் போதும் என்று அவள் எழுதுவித்தது கெஞ்சல் இல்லை. அதுதான் அவளுடைய முழுச் சாட்சியம். அதைத் தாயின் புலம்பல் என்று ஒதுக்கியது யார்? பெட்டி கப்பலில் இருக்கும்போதே கரையிறங்கியதாக எழுதாதே என்று ஊரெல்லாம் சண்டை பிடித்த அதே கொன்ஸ்ரன்ஸ்தான். எந்தக் கால்களை ஒரு தரம் பார்த்திருந்தால் அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ, அந்தக் கால்களால் ஏற முடியாது என்பதற்காகவே அவனைக் கீழே வைத்திருந்தார்கள்.

மிஸ் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தார். மறுபடியும் அந்தப் படி. எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நீதவான் எழும்புகிற நேரம். மன்றில் பேச மிஸ்ஸுக்கு உரிமையில்லை. பேசினால் வெளியே போடுவார்கள், வேலையும் போகும். அவர் நேரே பதிவாளரின் காதருகே போய்க் குனிந்தார்.

"உங்கட அலுவலகத்தப் பற்றின முறைப்பாட்ட நான் இப்ப விசாரிக்கிறன். சின்னராசாவ முன்னிலைப்படுத்தினது எண்டு எழுதியிருக்கிறீர். எப்பிடி முன்னிலைப்படுத்தினது எண்டு எனக்கு இப்ப, இந்த இடத்தில செய்து காட்டும். இல்லாட்டி பொய்ப் பதிவு எண்டு நான் மேல எழுதுவன்."

பதிவாளர் "மிஸ், அது இஞ்ச வழக்கமா நடக்கிறதுதானே..." என்று இழுத்தார்.

"ஓம். வழக்கமா நடக்கிறதத்தான் பாக்க வந்தனான்."

பதிவாளர் எழுந்து நீதவானிடம் ஏதோ முணுமுணுத்தார். நீதவான் எரிச்சலோடு மறுபடியும் ஆசனத்தில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. இரண்டு காவலாளிகள் சின்னராசாவைக் கைகோத்துத் தூக்கி வந்து கூண்டுக்கு முன்னால் தரையில் இறக்கினார்கள். கூண்டுக்குள் நிற்க அவனால் முடியாது. இருந்த இடத்திலிருந்து கையைக் கூப்பினான்.

சந்தைக்கடை இரைச்சல் அப்படியே நின்றுபோயிற்று. நீதவான் பொலிஸ் அறிக்கையைத் திறந்தார், வாசித்தார், அவனைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு பொலிஸ்காரரிடம் மிக மெதுவாகக் கேட்டார்.

"மெயாத துவலா கியே?"

இவனா ஓடிப்போனவன் என்று கேட்டார். துரத்தியவர் ஒருவர், பிடித்தவர் இன்னொருவர், அறிக்கை எழுதியவர் மூன்றாமவர். பிடித்த புதிதில் துரத்தியவருக்கு அவனை ஒரு கூட்டத்தோடு தரையில் இருத்தி வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இருக்கிறவனுடைய காலை யார் கவனிப்பது? அதற்குப் பிறகு தவணை நாட்களில் அவன் அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கவேயில்லை.

அன்று பின்னேரமே நீதவான் அவனை விடுதலை செய்தார். கோபத்தில் மேசையைத் தட்டினார், பதிவாளரை எல்லோருக்கும் முன்னால் கிழித்தார். மிஸ்ஸுக்கு அதில் ஒரு திருப்தியும் வரவில்லை. கலைந்து போகிற நேரத்தில் பதிவாளரின் தோளுக்கு மேலாலே எட்டிப் பார்த்தார். அன்றைய தவணைக்கு நேரேயும் அதே சொல்தான் எழுதியிருந்தது: முன்னிலைப்படுத்தப்பட்டார். தூக்கி வந்த நாளும் தூக்கி வராத நாட்களும் பதிவில் ஒரே மாதிரி இருந்தன. அந்தச் சொல்லை நம்பித் தான் தள்ளிவிட்ட மற்ற முறைப்பாடுகள் எல்லாம் அவருடைய கண்ணுக்குள் வந்து நின்றன. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று பிறகு கோயிலில் சொன்னார்கள். மறுநாளிலிருந்து பஸ் வருகிற நாட்களில் அவர் அறைக்குப் போவதற்கு முன்னால் பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். காவலாளிகள் அவருக்குப் 'பஸ் நோனா', பஸ் அம்மா, என்று பெயர் வைத்தார்கள். அந்த முறைப்பாட்டு ஏற்பாட்டை அரசாங்கம் கைவிடுகிற வரைக்கும் அவர் அப்படித்தான் செய்தார்.

ஆனால் அன்றைக்கு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. தாஸிம் ஒரு ஓட்டோவைப் பிடித்து வந்திருந்தார். சின்னராசாவைத் தூக்கி உள்ளே இருத்தினார்கள். பேச்சியம்மா ஆறிப்போன சோற்றைப் பிரித்து அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

"தம்பி, இவ்வளவு காலமும் பஸ்ஸுக்குள்ள பேசாமலோ இருந்தனீர்? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதோ? யாராவது ஒருத்தருக்குக் கேட்டிருக்குமே."

அவன் வாயிலிருந்த சோற்றை விழுங்கினான்.

"சத்தம் போட்டேங்க. மேல பேரு கூப்பிடுறது பஸ்ஸு வரைக்கும் நல்லாக் கேக்கும். ஒவ்வொரு தவணைக்கும் என் பேரக் கூப்பிட்ட ஒடனே, 'இருக்கேன் ஐயா, கீழ இருக்கேன்'னு தொண்ட வத்தக் கத்துவேன். நான் கத்துனதக் கேட்டுட்டுத்தான் மேல வராந்தாவுல நிக்கிற காவக்காரரு உள்ள பாத்து, இருக்கான்னு சொல்லுவாரு."

மிஸ் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். மீன்காரன் கூவுகிறான் என்று காலையில் தான் நினைத்த அந்தச் சத்தம் அவருடைய காதுக்குள் திரும்பவும் கேட்டது. ஓட்டோ புறப்பட்டு வாசலால் திரும்பிப் போனது. அவர் குடையை விரிக்க மறந்து வெயிலுக்குள்ளேயே நின்றார்.